மைனஸ் எண்பது

ஊதா மூடிக் குழாயில் பெயர் இல்லை.
பி-நாற்பத்தேழு. முதல் நாள். காலை 4.50.
சுழற்றி எடுத்தேன்.
சிவப்பு அடியில் தங்கிவிட்டது,
மேலே வெந்தயம் ஊறிய நீர் போல ஒரு மஞ்சள்.
மூளையில் ரத்தம் அடைபட்டால்
சிதைந்த நரம்பிழைகளின் தூள்
இந்த மஞ்சளில் வந்து மிதக்கும்.
அதை எண்ணுவது என் வேலை.

யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது.
ஐஸ் பெட்டி கொண்டுவந்த பையன் சொல்லிவிட்டான்:
"மார்க்கெட் தனகோட்டி, அக்கா. பூ ஏலம்."

ஆயுத பூஜைக்கு லேபுக்குச் செவ்வந்தி வாங்கப் போய்
அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.
கன்னடத்தில் தொடங்கும், தெலுங்கில் ஏறும்,
தமிழில் முடித்துத்
தராசில் ஒரு தட்டு.

ஏழாம் நாள் ஐந்து மடங்கு.
டாக்டர் நிவேதிதா திரையில் ஒரு கோடு இழுத்தார்:
இதற்கு மேலே போனவர்கள் மீள்வது கடினம்.
பி-நாற்பத்தேழு வெகு மேலே,
அக்கம்பக்கத்தில் வேறு புள்ளி இல்லாமல்.

மிச்சத்தைச் சிறு குப்பிகளில் பிரித்து
மைனஸ் எண்பதில் வைத்தேன்.
அங்கே முந்நூறு பேரின் முதல் நாள் இருக்கிறது.
ஒருவருக்கும் இன்னும் விடியவில்லை.

தொண்ணூறாம் நாள்
ஊசி போடும் ஷகீலா விடுப்பு. நானே போனேன்.
சக்கர நாற்காலி. மடியில் வலது கை,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல.
பெயர் கேட்டேன்.
வாய் திறந்தது, மூடியது.
பக்கத்திலிருந்து அமுலு சொல்ல வர,
கை காட்டி நிறுத்தினேன்.

முதல் குழாய் நிறைந்தது.
"ஒந்து" என்றார்.
இரண்டாவதற்கு, "எரடு".
மூன்றாவதில் தெலுங்குக்கு மாறினார்: "மூடு".
குழாய்கள் அவ்வளவுதான்.
அவர் நிறுத்தவில்லை.
நாலுகு, அஞ்சு, ஆறு, பத்து, இருபது,
குரல் ஏற ஏற
வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க
நூற்றிருபதில் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார்.

"இது மட்டும் வருதும்மா.
தண்ணி வேணும்னாலும்
முப்பது, நாப்பதுன்னுதான் கேக்குறாரு."
"எத்தனைக்குக் குடுப்பீங்க?"
"அம்பதுக்கு" என்றார் அமுலு, சிரிக்காமல்.

படிவத்தில் பூஜ்யம் என்றால் நலம், ஆறு என்றால் மரணம்.
டாக்டர் நான்கில் டிக் போட்டார்.
கோடு சொன்னதும் அதைத்தான்.
ஏலம் கூவுவதற்குக் கட்டம் இல்லை,
இருந்தாலும் எத்தனை போடுவது?

இரவு மூன்று குழாய்களையும் சுழலவிட்டேன்.
இயந்திரம் நிற்க இரண்டு நிமிடம் ஆகும்.
எப்போதும் போல வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
மூன்றில் மாறிப்போனதை
அறுபதில்தான் கவனித்தேன்.