நானூற்று இருபது

சால்ட் லேக் நகரில் ஜனவரி.
சுற்றிலும் மலை, நடுவே ஊர்.
மேலே வெப்பக்காற்று மூடிபோட்டு உட்கார்ந்துவிட,
பத்து நாளாகத் தான் விட்ட மூச்சையே
தானே இழுத்துக்கொண்டிருக்கிறது பள்ளத்தாக்கு.

லுசியானேயின் கொரோலா,
இருபது வயது, இடது கதவு மட்டும் வேறு நிறம்,
புகைச் சோதனையில் தோற்றது அந்த வாரம்தான்.

யாரும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
சோதனைக்காரர் லவார் வண்டியின் பின்பக்கம் போகவே இல்லை.
ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி
வண்டியிடமே விசாரித்தார்.
வண்டி ஓர் எண்ணைச் சொன்னது:
நானூற்று இருபது.

நம் பக்கம் அந்த எண்ணைச் சொல்லி
ஒருவனைக் கூப்பிட்டால் அடிதடி நடக்கும்.
டோங்காவிலிருந்து வந்தவளுக்கு
அது தெரிய நியாயமில்லை.

"கன்வெர்ட்டர் போச்சு.
ஆயிரத்து நூற்றெண்பது டாலர். கூலி தனி."

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவெல்லாம் போர்வை மடிப்பவள்
எத்தனை போர்வை என்று கணக்குப் போட்டுப் பார்த்து
பாதியில் விட்டாள்.
முப்பத்தொன்றாம் தேதியோடு பதிவு முடிகிறது.

கொழுந்தன் குறுக்குவழி சொன்னான்:
பேட்டரியைக் கழற்றி மாட்டு, மறந்துவிடும்.
மறந்தது.
எண்ணை மறந்தது, மணியை மறந்தது,
அவள் கேட்கும் ரேடியோவை மறந்தது.
மறுநாள் லவாரின் திரையில் வரிசையாக
தயாரில்லை. தயாரில்லை. தயாரில்லை.
"ஞாபகமே இல்லாத சாட்சியை வைத்து
நான் என்ன செய்ய?" என்றார்.

பாய்லர் பார்க்கும் சியோசாயா
ஷிப்ட் முடிந்து கார் நிறுத்துமிடத்தில்
அட்டையை விரித்துப் படுத்தான்.
"நானூற்று இருபது தீர்ப்பு இல்லை, லுசியானே.
வெறும் புகார்.
புகார் கொடுத்தவனை முதலில் விசாரிப்போம்."

வாக்குவம் கிளீனரைத் திருப்பி மாட்டி
புகைக்குழாய்க்குள் காற்றை ஊதவிட்டான்.
அடியில் சோப்புத் தண்ணீர் தெளித்தான்.
டார்ச் பிடித்த அவள் விரல் மரத்துப்போன நேரத்தில்
சென்சாருக்கு ஒரு சாண் முன்னால்,
இரண்டு குழாய் சேரும் இடத்தில்,
பால் குடித்த பிள்ளையின் உதடுபோல
ஒரு குமிழி.
பிறகு இன்னொன்று.

அந்த மயிரிழைப் பிளவு வழியே
வெளிக்காற்று உள்ளே போய்
சென்சாரின் காதில் கோள்மூட்டியிருக்கிறது.
எந்தக் காற்று?
ஊரே முகமூடி போட்டு ஒதுங்கும் இதே காற்று.

கேஸ்கெட் பன்னிரண்டு டாலர்.
துருப்பிடித்த போல்ட் ஒன்று முறிந்தது.
சியோசாயா டோங்கா மொழியில் ஒரு வசை சொன்னான்,
ஆங்கிலத்தில் ஒன்று.
மூன்றாவதை, தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பதால்,
விழுங்கினான்.

இனி ஞாபகம் திரும்ப வேண்டும்.
அதற்கொரு பத்தியம்:
இரவு முழுக்கக் குளிரவிடு.
ஐம்பத்தைந்து மைலில் பத்து நிமிடம், ஏறாமல் இறங்காமல்.
பிரேக்கைத் தொடாமல் வேகம் தானாகத் தணியட்டும்.
மறுபடி.

வேலைக்கு, தேவாலயத்துக்கு, மருந்துக்கு என்றல்லாமல்
சும்மா ஒருநாளும் பெட்ரோல் எரித்ததில்லை அவள்.
புகை விடாதவள் என்று நிரூபிக்க
விடியலில், ஒரு காரியமும் இல்லாமல்,
மேற்கே புகை விட்டுக்கொண்டே போனாள்.
உப்பேரி வலப்பக்கம் தட்டையாகக் கிடந்தது.
உருக்காலையின் புகைபோக்கி இடப்பக்கம்.
அதன் அடியில் வயர் செருக
ஒரு துளை இருக்குமோ என்று
ஒரு நொடி பார்த்தாள்.
முள் ஐம்பத்தேழுக்குப் போய்விட்டது.
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை லவார் வயரைச் செருகினார்.
தயார். தயார். தயார்.
கடைசியில் ஒன்று மட்டும் தயாரில்லை.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:
"ஒன்று வரைக்கும் பரவாயில்லை.
சட்டத்திலேயே இருக்கிறது."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்,
போர்வையை மடிக்கிற அதே மடிப்பில்.
வெளியே மலைகளைக் காணவில்லை.
இருமிக்கொண்டே சாவியைத் திருகினாள்.
வண்டி இருமவில்லை.