எண்பத்தேழு

பண்ணைப் பாலத்தில் தார் கிழிந்த இடத்தில்
'டொக்' என்றது வலது முன்சில்லு.
பதினொரு பிள்ளைகளும் கேட்டார்கள்.
யதுர்ஷிகா மட்டும் சொன்னாள்:
"அன்ரி, வானுக்குப் பல்லு ஆடுது."

ஆடியது பல்லில்லை,
கீழ்க்கையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்.
கழற்ற இரண்டு மணித்தியாலம், அரைப் போத்தல் மண்ணெண்ணெய்.
வெளியே வந்தபோது அதற்கு இடுப்பு மெலிந்திருந்தது.
வேலணைக்கும் பட்டணத்துக்கும் நாளுக்கு நாலு தரம்.
கடல் இரண்டு பக்கமும் நின்று
கொஞ்சம் கொஞ்சமாய்க் கொறித்திருக்கிறது.

ஸ்ரான்லி வீதியில் குகதாசன் கடை.
முதலில் எடுத்து வைத்தது வெள்ளிக் கொலுசுபோல் மினுங்கியது.
"ஸ்டெயின்லெஸ், தங்கச்சி. ஆயுளுக்கும் கறள் பிடியாது."
கறள் பிடியாதுதான்.
கிடங்கில் விழுந்தால் முதலில் வளைவதும் அதுதான்.

போல்டுக்குத் தலையெழுத்து
உண்மையாகவே தலையில் இருக்கிறது.
எனக்கு எழுதினதை நான் வாசித்ததில்லை,
இதை வாசிக்கலாம்:
பத்து தசம் ஒன்பது.
"அதுதான் வேணும். எட்டு தசம் எட்டும் வேண்டாம்."

அவர் பெட்டியைக் கவிழ்த்தார்.
ஒன்றுக்குப் புரி பெரிது,
விரலால் இரண்டரைச் சுற்று ஓடிப் பிறகு முகம் திருப்பியது.
ஒன்றுக்குப் புரி தலைவரை ஏறியிருந்தது,
தாடைக்குள் நிற்க வேண்டியது மொழுமொழு உடம்பு, புரியல்ல.
மூன்றாவது சரி.
பழைய சுரை நல்லாய்த்தானே இருக்கு என்றார்.
அதன் நைலோன் வளையம் ஒருமுறை கடித்த வாய்,
இன்னொருமுறை அதே பிடி பிடிக்காது.
புதுச் சுரையோடு ஆயிரத்து எண்ணூறு.
பேரம் பேசினேன். ஐம்பது ரூபாய் குறைந்தது.

தம்பி ஸ்காபரோவிலிருந்து வரேக்க
சொக்லேற் வேண்டாம், டோர்க் றெஞ்ச் கொண்டுவா என்றிருந்தேன்.
அதில் அடி-இறாத்தல்.
ஜப்பான்காரன் புத்தகத்தில் கிலோகிராம்-மீற்றர், பன்னிரண்டு.
பள்ளிக்கூடக் காசுத் துண்டின் பின்புறம் பெருக்கிப் பார்த்தேன்.
எண்பத்தேழு வந்தது.

எங்கள் வீட்டில் ஒருவரும்
சத்தமாய்ச் சொல்லாத எண்.
அம்மா கணக்கை எட்டிப் பார்த்துவிட்டுக்
குசினிக்குள் போய்விட்டா.

புரியில் மண்ணெண்ணெய் மிஞ்சினால் எண் பொய் சொல்லும்.
துடைத்தேன், பழைய யூனிபோம் துணியால்.

பக்கத்து வளவுச் செல்வரூபன் வேலியால் எட்டி,
"ஜக்கில நிக்கேக்கையே இறுக்கிவிடன், லேசு" என்றான்.
லேசுதான்.
அந்தரத்தில் கால் தொங்க இறுக்கினால்
உள்ளேயிருக்கும் றப்பர் புஸ்
தொங்கினதையே தன் நிலை என்று நம்பிவிடும்.
பிறகு வான் நிலத்தில் நிற்கும் நேரமெல்லாம்
அது முறுகிக்கொண்டே இருக்கும்,
ஒருநாள் கிழியும்.

ஆகவே விரலளவில் மட்டும் பூட்டி,
சில்லைப் போட்டு,
நாலு சில்லையும் நாலு சிலிப்பர் கட்டையில் ஏற்றினேன்.
தண்டவாளத்திலிருந்து கழன்று
பங்கருக்குக் கூரையாய்ப் போய்
எங்கள் கோடிக்குள் வந்து கிடந்த கட்டைகள்.
எந்தப் பாரத்துக்கும் அவை முனகுவதில்லை.
வான் தன் முழு எடையில் நின்றது.
கீழே தவழ்ந்தேன், முதுகில் மண்.

எழுபது. எண்பது.
தோளில் ஒரு நரம்பு இழுத்தது.
பிறகு 'கிளிக்'.
அவ்வளவு சின்னச் சத்தம்.
இன்னொரு கால் சுற்று சுற்றச் சொன்னது கை.
கையை நம்பவில்லை. நிறுத்தினேன்.

சுரையிலிருந்து சட்டம்வரை
சிவப்புக் கியூட்டெக்சால் ஒரு கோடு:
அசைந்தால் கோடு முறியும்.
வெள்ளிக்கிழமைவரை முறியவில்லை.
நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி றெஞ்சை வைத்தேன்,
உடனே 'கிளிக்'.

பாலத்தில் அந்த இடம் வந்தபோது
பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.
ஒன்றும் கேட்கவில்லை.
யதுர்ஷிகாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அன்று பின்னேரம்
டோர்ச் அடித்து இடது பக்கத்துப் போல்டைப் பார்த்தேன்.
தலையில் எழுத்து இல்லை,
கறள் முழுதாய் அழித்திருந்தது.