நான்கை அழுத்தினால்

பதினோரு வருடம்
கயேத்தான் இந்தப் படத்துக்குள்ளேயே இருந்தான்.
கண்ணாடிமேல் எண்ணெய்ச் சாயம்;
ஒன்றைப் படம்பிடித்ததும் விரலால் அழித்து
அதே ஈரத்தில் அடுத்தது.
மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம்.
வருடத்துக்கு ஐந்து நிமிடம்கூடத் தேறாது என்று
போஜெனா ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினாள்,
சிரித்துக்கொண்டுதான்.

வூச் நகரத்தில் பிப்ரவரி.
பழைய நூற்பாலையின் கொதிகலன் அறையைத்
திரையரங்காக்கியிருக்கிறார்கள்.
எழுபது நாற்காலி, எழுபதிலும் ஆள்.
எனக்கு மூன்றாம் வரிசை. ஓரம்கூட இல்லை,
நட்டநடு.

முதல் காட்சியிலேயே அழகு.
மறுக்க முடியாத அழகு.
ஒரு மீன். அதன் செதில் ஒவ்வொன்றும் ஜன்னல்,
ஒவ்வொரு ஜன்னலிலும் ஒருத்தி தலை வாருகிறாள்.
சீப்பிலிருந்து உதிர்வது முடியில்லை, மழை.
மழை மேல்நோக்கிப் போகிறது.
பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.
நானும் இழுத்துப் பார்த்தேன்.
நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை வந்தது.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
நான்கை அழுத்தினால் நான்கு வரவேண்டும்.
வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதற்கு
அறுந்த கம்பி ஒன்று இருக்கும்,
கருகிய ரிலே இருக்கும்,
சில சமயம் ஒரு எலி.
இங்கே குதிரை குடைபோல மடங்கியது.
அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒருவன் தன் தாடியிலேயே படியேறினான்.
எங்கே போகிறான்?
அந்தத் தாடி எதில் தொங்குகிறது?
அர்த்தம் தேடாதே, நிறத்தைப் பார் என்று
என்னை நானே அதட்டினேன்.
பார்த்தேன்.
துருவாவதற்குச் சற்று முந்தைய ஆரஞ்சு.
அழுது ஓய்ந்த குழந்தையின் காதுமடல் போல ஒரு சிவப்பு.
ஒரு நீலம், அப்படியொன்றை நான் எங்கும் கண்டதில்லை.
பார்த்து முடித்துவிட்டேன்.
இன்னும் நாற்பத்தோரு நிமிடம் இருந்தது.

இடதுபக்கம் போஜெனா அழுதுகொண்டிருந்தாள்.
படத்துக்காகவா, பதினோரு வருடத்துக்காகவா,
கேட்கிற இடமில்லை அது.
அவள் கைக்குட்டையின் ஈரத்தைப் பார்த்து
எனக்குப் பொறாமையாக இருந்தது.
என் கல்யாணத்துக்கு இரவல் கோட்டில் வந்தவன்,
என் அப்பாவின் பெட்டிக்கு மூன்றாவது தோள் கொடுத்தவன்,
இவன் படத்தையா எனக்குப் பிடிக்கவில்லை?
பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.
பிடி கிடைக்கவில்லை.

நிலா தபால்பெட்டியில் முட்டையிட்டது.
அதற்கப்புறம் தெரியாது.

விளக்கு வந்தது. கைதட்டல்.
உள்ளங்கை எரியும்வரை நானும் தட்டினேன்.
தூங்கி எழுந்தவன் தட்டுவதுதான்
எப்போதும் பலமாகக் கேட்கும்.

வெளியே, கோட்டு மாட்டும் இடத்தில்,
கயேத்தான் நேரே என்னிடம் வந்தான்.
நகக்கண்ணில் இன்னும் அந்த நீலம்.
“லெஷெக், எந்த இடம் பிடித்தது?
அழகு என்று மட்டும் சொல்லாதே,
இருபது பேர் சொல்லிவிட்டார்கள்.”
என் வாயில் இருந்த ஒரே சொல் அதுதான்,
பறித்துவிட்டான்.
மீன், குதிரை, தாடி எதுவும் நாக்குக்கு வரவில்லை.
“அந்தப் பெண்,” என்றேன்,
“கரண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு,
ஈரம் போனதா என்று
கன்னத்தில் வைத்துப் பார்ப்பாளே, அங்கே.”

பேசாமல் நின்றான்.
எங்களைச் சுற்றி யார் யாரோ கையுறை தேடினார்கள்.
“அப்படி ஒன்றும் படத்தில் இல்லையே.”

காது சுட்டது எனக்கு.
பொய்யில்லை, பார்த்தேன்.
எங்கே பார்த்தேன் என்பதில்தான் வம்பு.
மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது
அவன் டிக்கெட்டைப் பின்பக்கம் திருப்பி
பை பையாகப் பென்சில் துழாவிக்கொண்டிருந்தான்.

“எந்தக் கன்னம்?”

“இடது,” என்றேன்.
யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“கடவுளே,” என்றாள் போஜெனா
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு,
“இன்னொரு பத்து வருடம்.”