கதவைச் சாத்து

வீட்டுத் தொலைக்காட்சி மார்லீனோடு போய்விட்டது.
அதனால் டிசம்பர் இரண்டாம் வெள்ளி
அழுக்குத் துணி மூட்டையோடு
அயர்ன்வுட் சலவைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
கூரையோரம் சங்கிலியில் தொங்கும் பெட்டியில்
ஏழரைக்கு முள்ளம்பன்றி வரும்.

ஐம்பத்தோரு வருடமாக வருகிறது.
இருபத்தாறு நிமிடம், விளம்பரம் தனி.
கம்பளித் துணியில் உடம்பு,
முள்ளுக்குப் பல்குத்தும் குச்சி.
நடக்கும்போது ரோமம் துடித்துக்கொண்டே இருக்கும்:
ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவே
யாரோ தொட்டு நகர்த்திய விரல்
கலைத்துவிட்டுப் போனது.
விரலுக்கு உரியவர் பெயர் தெரியாது.
கடைசியில் ஓடும் எழுத்துகளை
எங்கள் நிலையம் எப்போதும் பாதியில் வெட்டிவிடும்.

கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை.
பண்டிகைக்கு முந்தின இரவு
வளைக்குள் தண்ணீர் புகுந்து
முள்ளம்பன்றி ஊருக்குள் வருகிறது.
ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து விளக்கை அணைக்கிறார்.
பாதிரியார் வீட்டில் பாட்டு; தட்டியது கேட்கவில்லை.
பொம்மைக் கடையில் உள்ளே விடுகிறார்கள்,
பலூன் ஒன்று வெடிக்கும் வரை.

பாலத்தில் ஒரு முள் உதிரும்.
அது கதையில் இல்லாத முள்.
பசை விட்டுப் போயிருக்கிறது,
எடுத்து ஒட்ட மறந்திருக்கிறார்கள்.
பனியில் கிடக்கும். அடுத்த காட்சியில் கிடக்காது.
"இதோ, இதோ" என்கிறார் ஸ்குபிச்,
மர ஆலை மூடிய அன்று
ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு நடந்தவர்.
டெல்ஃபீன் ராட்டியோவின் கடைக்குட்டி ஆரின்
"எங்கே?" என்பதற்குள் போய்விட்டது.
இனி அவனுக்கு ஒரு வருடம்.
போனில் எப்ப வேணும்னாலும் பார்க்கலாம் என்கிறாள் அக்கா.
பார்க்கலாம்தான்.
அவளும் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு
மேலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது.
ஏரியிலிருந்து பனி ஏறி வருகிறதாம், வண்டியை எடு.
துணி இன்னும் உலர்த்தியில் சுற்றிக்கொண்டிருந்தது.
எழுந்தபோது முள்ளம்பன்றி
ஊரின் கடைசி வெளிச்சத்தை நோக்கி
நடந்துகொண்டிருந்தது.

அரோரா தெருவில் தகட்டை இறக்கினேன்.
இரண்டு பக்கமும் ஜன்னல்களில் ஒரே நீலம்.
தண்டவாளத்துப் பனியின் நீலம் அது, எனக்குத் தெரியும்.
ஒரு வீடு இருண்டால் தெருவே இருண்டது.
இந்தத் தெருவில் பாதிப் பேர்
வேலித் தகராறில் வழக்காடுகிறவர்கள்.

பிறகு, சட்டென்று
எல்லா ஜன்னலிலும் அடுப்பின் நிறம்.
ரயில் கேட்காரர் கதவைத் திறந்துவிட்டார்.
அவர் மிரளமாட்டார்.
அணைத்துக்கொள்ளவும் மாட்டார், முள்ளை யார் அணைப்பது.
கையில் சூப்புக் கரண்டி, பாதி திரும்பிய முகம்.

தகட்டைத் தூக்கினேன். உராயும் சத்தம் நின்றது.
அந்தத் தெரு முழுக்க முணுமுணுக்கும் அதே நொடியில்
வண்டிக்குள் நானும் சொன்னேன்:
"வர்றதுன்னா வா. கதவைச் சாத்து, குளிருது."

அவ்வளவுதான் வசனம்.
அன்பு என்ற சொல் அந்தப் படத்தில் ஓரிடத்திலும் இல்லை.
மார்லீன் ஒருமுறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்.
இப்போது அவள் டுலுத்தில்.
அங்கே எந்தச் சேனலில் வருமோ,
அந்தப் பெட்டியில் கீழ்மூலை கொஞ்சம் மங்கல்,
உதிர்ந்த முள் தெரிந்திருக்காது.

பதினொன்றரைக்குத் திரும்பினேன்.
யாருக்கோ இயந்திரம் தேவைப்பட்டிருக்கிறது.
என் துணியெல்லாம் மேசையில் குவியலாக, பாதி ஈரம்.
பெட்டியில் யாரோ கத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள்.
வாசல் கதவு ஒரு சாண் திறந்தபடி,
உள்ளே தரையில் நீளமாய்ப் பனி.

போய்ச் சாத்தினேன்.