மூன்றாவது கோப்பை

ஆறேகாலுக்கு மேசையில் வெள்ளைத் துணி விரிப்பேன்.
ஏழு மூடிக்கிண்ணம், ஏழு கோப்பை, ஒரு சின்னத் தராசு.
எடைக்கு ஒரு பழைய நாணயம்.
முகம் தேய்ந்த ராஜா. எந்த ராஜாவோ,
அவர் கனத்துக்குத்தான் இன்னும் இங்கே தேயிலை போடுகிறோம்.

லிந்துலைப் பக்கம் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.
முதல் கொதியில் இறக்கணும்.
ஆறு நிமிஷம்.
அம்பேபிட்டிய ஐயா கரண்டியால் அள்ளி உறிஞ்சுவார்,
புதுச் சீத்தைத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.
பிறகு துப்புவார்.
எட்டு வருஷமாய் அந்த வாளி கழுவுகிறவள் நான்.

"இதிலே பாடி இல்லே" என்றார் முதல்நாள்.
நல்லவேளை என்று நினைத்தேன்.
எங்கள் லயத்தில் பாடி என்றால்
நாலு பேர் தூக்கிப் போவது.

ஐயாவின் சொற்கள் ஐயாவுக்கு.
கழுவும் முன் ஒரு மிடறு குடித்து
நான் வேறு பெயர் வைத்திருந்தேன்.
ஓ.பி.: கல்யாண வீட்டுக்கு வந்து
உட்காராமலே போகிற சொந்தக்காரர்.
பி.ஓ.பி.: முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள்.
டஸ்ட்: வாசலில் நின்று சண்டை போடும்,
ஆனால் பெரட்டுக்கு எழுப்பிவிடுவது அதுதான்.
சில்வர் டிப்ஸ் ஒரே ஒருமுறை:
வெந்நீருக்கு எதோ ஞாபகம் வந்து
உடனே மறந்துபோன மாதிரி.

தை மாசம் ஒருநாள் ஐயாவுக்குச் சளி.
"மூக்கு சாகி. தனபாக்கியம், நீ பாரு, சொல்லு"
என்று பென்சிலை எடுத்துக்கொண்டார்.

முதல் கோப்பை ஒன்பதாம் நம்பர் மலை,
பனி காய்வதற்குள் கிள்ளின கொழுந்து. நல்லது.
இரண்டாவது வாட்டம் போதாது, பச்சை நாக்கில் நிற்கிறது.
மூன்றாவது

கருகல்.
பெரிதாய் இல்லை.
நேற்று சோளம் சுட்ட அடுப்பில்
இன்றைக்குக் கை வைத்த அளவு.
இரவு இரண்டரை மணிக்கு டிரையரில் யார் என்று
எனக்குத் தெரியும்.
பகலெல்லாம் பிள்ளையின் காய்ச்சலோடு கிடந்துவிட்டு
கண் எரிய எரிய வேலைக்குப் போனவர்.
போன மாசம் இதே தவறுக்கு
யோகநாதனுக்கு மூன்று நாள் பேர் இல்லை.

துப்பவில்லை. விழுங்கினேன்.

"மூணாவது?"
"தை மாசக் காத்து, ஐயா.
கொஞ்சம்... ரொட்டி வாசம் இருக்கு."
எழுதிக்கொண்டார்.

அன்று ராத்திரி
சீனிக் கட்டியைக் கடித்துக்கொண்டு
சந்தனசாமி வெறுந்தேத்தண்ணி குடித்தார்.
நானும் குடித்தேன்.
அதற்கு யாரும் மார்க் போடவில்லை.

மூன்று கிழமை கழித்து கொழும்பிலிருந்து கடிதம்:
வறுத்த தானிய மணம், அடியில் ஒரு இனிப்பு,
அபூர்வமான லொட்,
கிலோவுக்கு எழுபது ரூபாய் கூட,
வாங்கினவர் இதே மாதிரி இன்னும் கேட்கிறார்.

ஐயாவுக்கு மூக்கு திறந்துவிட்டது.
சந்தனசாமியைக் கூப்பிட்டார்.
"அன்னைக்கு என்ன செஞ்சே? சூடு எவ்வளவு?
எத்தனை நிமிஷம்?"
அவர் தலையைச் சொறிந்தார்.
என்னைப் பார்க்காமல் இருக்க
டிரையரின் ஒவ்வொரு திருகாணியையும் பார்த்தார்.

இப்போது தினமும் இரவு இரண்டரைக்கு
நாலு பேர் சுற்றி நின்று
மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துச் சூடு கூட்டுகிறார்கள்.
விடிந்ததும் மூன்றாவது கோப்பை எனக்கு.
ஐயா முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்.

கிட்டே வருகிறது. ஒருநாள் ரொம்பக் கிட்டே.
ஆனால் இல்லை.
முழித்திருந்து செய்கிற எதிலும்
அந்த மணம் வரமாட்டேன் என்கிறது.

"நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார் ஐயா.
ராஜாவைத் துடைத்துத் தராசில் வைக்கிறேன்.