பாக்கி

பாண்டி போகும் பஸ்ஸில் டிக்கெட்டின் முதுகில்
கண்டக்டர் எழுதித் தருவார்:
மூன்று. சில நாள் எட்டு. ஒருமுறை எழுபது.
இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.
நான் கேட்டதில்லை.
கெமிஸ்ட்ரி புத்தக அட்டைக்குள்
அந்தச் சீட்டுகளைச் சேர்த்துவைத்தேன்.
கூட்டிப் பார்த்தால்
இந்த உலகம் எனக்கு
இருநூற்றுப் பதினாறு ரூபாய் தரவேண்டும்.

ஆமைக்காக இரவில் கடற்கரை நடக்கும் குழுவில்
துணிந்தெல்லாம் சேரவில்லை.
படிவத்தை நீட்டிய ஜெசிந்தாவிடம்
மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை,
அவ்வளவுதான்.

தை பிறந்து இரண்டாம் வாரம்.
தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே தாழங்குடா,
பெண்ணையாறு கடலில் விழும் இடம்வரை.
டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள்,
அம்மாவுக்கு மணிக்கொரு மிஸ்டு கால்.
தெற்கே சிப்காட் வெளிச்சத்தில்
வானத்தின் ஒரு மூலை மட்டும்
கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம்.
முதல் இரவு கெண்டைக்கால் வலித்தது,
மூன்றாம் இரவு நாய்கள் என்னைக் குரைப்பதை விட்டன.

என் வேலை நோட்டு:
நேரம், சுவட்டின் அகலம், முட்டை, குறிப்பு.
புகழரசன் தோள்வரை கையைக் குழிக்குள் விட்டு
ஒவ்வொன்றாய் எடுப்பான்.
வெயிலில் பாதி காய்ந்த வடகத்தின் பதம்.
அவன் எடுக்க, நான் எண்ண.
எழுபத்தொன்று, என்றேன்.
"என்ன?"
எழுபத்தொன்று.
"காத்துல கேக்கல, என்ன?"
எழுபத்தொண்ணுடா!
ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள்.
நானும்தான் திரும்பிப் பார்த்தேன்,
யார் கத்தியது என்று.

மாசியில் ஒரு ராத்திரி, இரண்டே முக்கால்.
அவர்கள் கூடை எடுத்துவர முன்னே போயிருந்தார்கள்.
அலை விட்டுவைத்த ஒரு கருமை நகர்ந்தது:
பங்குனி ஆமை,
தன் உடம்பைத் தானே சுமந்து
மூச்சு வாங்கி, நின்று, மறுபடி.
சவுக்கு மரங்களுக்குள்ளிருந்து கார் ஒன்று
மணல்வரை வந்து
இரண்டு கண்ணையும் முழுசாய்த் திறந்தது.
கேக், தொப்பி, நாலு பேர், பாட்டு.

நடக்கும்போதே மனசுக்குள் எழுதிப் பார்த்தேன்:
அண்ணா, தொந்தரவுக்கு மன்னிக்கணும்,
கொஞ்சம், முடிஞ்சா...
வாயில் வந்தது வேறு.
"லைட்டை அணைங்க."
"யாரும்மா நீ?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அடையாள அட்டை வீட்டில், சுடிதார் முழுக்க மணல்.
"ஆமை வருது," என்றேன்.

அணைத்தார்கள்.
பாட்டையும் சேர்த்து.
இருட்டில் ஐந்து பேர் குந்தியிருந்தோம்.
பிறந்தநாள்காரன் ஒரு துண்டு கேக்கை
சத்தம் இல்லாமல் என் கையில் வைத்தான்.

ஆமை பாதி தூரம் வந்தது,
ஏதோ யோசித்தது,
வளைந்து கடலுக்கே போய்விட்டது.
முட்டை என்ற கட்டத்தில்: இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்: விளக்கு அணைக்கப்பட்டது.
அணைக்கச் சொன்னது யார் என்று எழுத
அதில் இடம் இல்லை.
கோடு தாண்டி ஓரத்தில் எழுதினேன்,
என் பெயரை, இன்ஷியலோடு.

பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்ட நாள்
எனக்குக் காய்ச்சல், போகவில்லை.
போட்டோ அனுப்பினார்கள்.
சின்னச் சின்னக் கரும்புள்ளிகள்,
பெரிதாக்கினால் கலங்கிப்போகும்.

திங்கட்கிழமை மரப்பாலம்.
டிக்கெட்டின் முதுகில் ஏழு.
இருநூற்றுப் பதினாறு போனது போனதுதான்,
அதைக் கேட்க ஊரில் ஆபீஸ் கிடையாது.
படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னேன்:
"அண்ணே, மீதி ஏழு ரூபா."
பின்சீட்டுவரை கேட்டிருக்கும்.
ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று வந்தது.
"ரெண்டு ரூபா சில்லறை இல்லம்மா, நாளைக்கு."
விசிலை வாயில் வைத்தார்.

நான் நின்றேன்.
பையைத் துழாவத் தொடங்கினார்.
பஸ்ஸும் நின்றது.