கெட்டில்

தீயணைப்பு நிலையத்து பிங்கோவில்
எனக்கு விழுந்தது இந்த இயந்திரம்.
நான் கண்வைத்திருந்தது பக்கத்து மேசையின் மின்ரம்பத்தில்.
"இதுவும் வெட்டுகிற சாமான்தானே, வெர்லா" என்றான் தம்பி க்ளேட்டன்,
பெட்டியை என் சமையலறையில் இறக்கிவிட்டு.

நண்டுத் தொழிற்சாலை மூடிய ஆகஸ்ட்.
ட்வில்லிங்கேட்டில் மூன்றாம் நாளாக மூடுபனி.
கண்ணில் பட்ட நாடாக்களையெல்லாம் உரித்தேன்.
உருளைக்கடியில் ஒளிந்திருந்த பஞ்சுத்துண்டு
கண்ணில் படவில்லை.
அதை வாயில் வைத்துக்கொண்டே
மாலை முழுக்க உறுமியது.

பஞ்சை எடுத்தால் அடுத்த வம்பு.
சாதனம் எதையும் காணவில்லை என்றது கணினி.
ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பதை
எப்படிக் காணாமல் போகும்?
அப்படிப் பார்க்காத ஒருவனோடு
பதினொரு வருடம் இருந்தேன்.
அது வேறு கதை.

முதல் சதுரம்
கத்தி எதையும் தொடவில்லை.
காற்றில் கச்சிதமாக நான்கு மூலை.
அழுத்தத்தைக் கூட்டினேன்.
இரண்டாம் சதுரம்
ஒட்டுத்தாள், அதன் அடித்தாள், அதற்கும் கீழே பசைப்பாய்,
மூன்றையும் ஒரே மூச்சில்.
இருபது வருடமாக நண்டு உடைக்கிறவள் நான்.
ஓடு போகவேண்டும், சதை நசுங்கக்கூடாது.
கைக்குத் தெரிந்த அந்தக் கணக்கை
எண்ணில் எப்படிச் சொல்ல?
ஐந்து. நான்கு. மூன்றரை. மறுபடி நான்கு.
ஏழாவதில்
மேல்தோல் மட்டும் விலகி வந்தது,
அடித்தாளில் ஒரு கீறல் இல்லை.
நள்ளிரவில் ஒற்றை ஆளாய்க் கைதட்டினேன்.

மறுநாள் க்ளேட்டன் வந்தான்.
படகிலிருந்து கிளெண்டாவின் பெயரை
ஜூனிலேயே ஹேர் ட்ரையர் காட்டி உரித்துவிட்டான்.
ஆனால் எழுத்துக்கு அடியில் வெயில் படாத நீலம்
எழுத்தாகவே நின்றது.
துறைமுகமே இன்னும் வாசித்தது.
"ஆங்கிலத்தில் அவளுக்கு ஆறெழுத்து.
அதை மூடுகிற மாதிரி ஆறெழுத்தில் ஏதாவது வெட்டிக் கொடு."
பெயர் மாற்றினால் படகுக்கு ஆகாது என்பார்கள் இங்கே.
மாற்றாமலும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அடுப்பில் கெட்டில் சீட்டியடித்தது.
திரும்பிப் பார்த்தான்.
விரல்விட்டு எண்ணினான்.

வெள்ளைத் தாளில் வெட்டி முடித்ததும்
களை எடுக்க உட்கார்ந்தோம், ஆளுக்கொரு கொக்கி ஊசியோடு.
வேண்டாததைப் பிடுங்கு, வேண்டியதை விடு.
அவ்வளவுதான் சட்டம்.
பேசிக்கொண்டே பிடுங்கினோம்.
அவள் போன அன்று
உறைபெட்டியில் இருந்த மீனைத் தராசில் வைத்து
சரிபாதி எடுத்துப் போனாளாம்,
அரைக் கிலோ கூடுதலாய் வந்ததைத் திருப்பி வைத்தாளாம்.
முதல் தடவையாகச் சொன்னான்.
சிரித்துச் சிரித்துப் புரையேறியது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால்
ஆறெழுத்தும் குப்பைக் கிண்ணத்தில் சுருண்டு கிடந்தன.
தாளில் மிச்சமிருந்தவை ஆறு ஓட்டைகள்.

நான் வாய்விட்டுத் திட்டினேன்.
அவன் தாளைத் தூக்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
"பெயிண்ட் இருக்கிறது" என்றான்.
கெட்டிலின் எழுத்துகளில்
வயிற்றுக்குள் தீவு ஒன்றும் கிடையாது.
கிளெண்டாவாக இருந்தால்
இரண்டு இடத்தில் தீவு உதிர்ந்திருக்கும்.

நான்காம் நாள் பனி விலகியது.
தாளைப் படகில் ஒட்டி,
கப்பல்துறைக் கம்பங்களுக்கு அடித்து மீந்த மஞ்சளைப் பூசினோம்.
இரண்டாவது 'டி'யின் கால் கொஞ்சம் கசிந்துவிட்டது.
கடைசி 'ஈ'க்குப் பின்னாலிருந்து
பழைய 'ஏ'யின் ஒரு கால்
நீலமாக எட்டிப் பார்க்கிறது.
இன்னொரு பூச்சு அடிக்கலாம் என்றேன்.
வேண்டாம், காயட்டும் என்றான்.

பக்கத்துப் படகிலிருந்து வில்ஃப் ஆன்ஸ்டி
வெகுநேரம் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"கொதித்துவிட்டதா, க்ளேட்டன்?"
"இப்போதுதான் வைத்திருக்கிறோம்" என்று
மோட்டாரைத் தட்டிவிட்டான்.